பழைய கார் வாங்கும்போது எஃப்சி சொல்வதும், சொல்லாததும்

"எஃப்சி இருக்கு, இன்சூரன்ஸ் இருக்கு, வண்டியில ஒரு வேலையும் இல்ல. சாவியை வாங்கி ஓட்ட வேண்டியதுதான்."

பழைய கார் வாங்கப் போன எவரும் இந்த வார்த்தைகளைக் கேட்காமல் திரும்பியிருக்க மாட்டார். புதுக் காருக்குக் கையில் பணம் இல்லாத நடுத்தரக் குடும்பம், வட்டிக் கடன் வேண்டாம் என்று ஒதுங்கும் குடும்பம், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு ஆல்ட்டோவோ சான்ட்ரோவோ வேகன் ஆரோ வாங்குகிறது. பெருநாளைக்கு ஊருக்குப் போக வேண்டும், உம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப் போக வேண்டும், மழை நாளில் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். அந்தத் தேவைக்குச் சிறிய கார் போதும். அதில் ஏறி உட்காரப் போவது நம் குடும்பம். அப்படியிருக்க, "எஃப்சி இருக்கு" என்ற ஒரு சொல்லை நம்பி நாம் எவ்வளவு தூரம் போகலாம்?

சுருக்கமாகச் சொன்னால், எஃப்சி என்பது ஒரு சாட்சியம். ஒரு நாளில், சில பாகங்களைப் பார்த்து ஒருவர் சொன்ன சாட்சியம். அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. ஆனால் பார்க்காத பாகத்துக்கும், வராத நாளுக்கும் அது சாட்சி சொல்லாது. அதைவிட முக்கியமானது, பெரும்பாலான சொந்தக் கார்களின் விஷயத்தில் அந்தச் சாட்சியமே இன்னும் சொல்லப்பட்டிருக்காது என்பது. இதைப் பலர் அறிவதில்லை.

15 வருடம் வரை யாரும் பார்ப்பதில்லை

மஞ்சள் போர்டு வண்டிகள், அதாவது வாடகைக்கு ஓடும் டாக்ஸி, வேன், லாரி ஆகியவை குறிப்பிட்ட இடைவெளியில் தகுதிச் சான்று பெற்றாக வேண்டும். வண்டிக்கு எட்டு வயது ஆகும் வரை இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, அதன் பிறகு ஒவ்வொரு வருடமும். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும் அதன் விதிகளும் இதைச் சொல்கின்றன.

வெள்ளை போர்டு கார்களுக்கு அந்த ஏற்பாடு இல்லை. சொந்த உபயோகக் காரின் பதிவு, பதிவான நாளிலிருந்து 15 வருடங்களுக்குச் செல்லும். அந்த 15 வருடமும் எந்த அதிகாரியும் வண்டியைக் கூப்பிட்டுப் பிரேக்கைப் பார்ப்பதில்லை, ஸ்டீயரிங்கை ஆட்டிப் பார்ப்பதில்லை.

உதாரணத்துக்கு, 2012-ல் பதிவான ஒரு ஆல்ட்டோவை எடுத்துக்கொள்வோம். ஆர்சியிலோ, எம்-பரிவாகன் செயலியிலோ அதன் தகுதி 2027 வரை என்று இருக்கும். விற்பவர் அதைக் காட்டி, "2027 வரைக்கும் எஃப்சி இருக்கு பாய்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அந்த 2027 என்பது எந்தப் பரிசோதனையின் முடிவும் அல்ல. 2012-உடன் 15-ஐக் கூட்டிய கணக்கு, அவ்வளவுதான். ஷோரூமை விட்டு வெளியே வந்த நாளில் எழுதப்பட்ட தேதி அது. அதன் பிறகு அந்த வண்டி மரத்தில் மோதியிருக்கலாம், வெள்ளத்தில் மூழ்கியிருக்கலாம், மூன்று கை மாறியிருக்கலாம். தேதி மட்டும் மாறியிருக்காது.

இந்த இடைப்பட்ட காலத்தில் வண்டி பெறும் ஒரே பரிசோதனைச் சான்று புகைச் சான்றிதழ். பதிவாகி ஒரு வருடம் ஆன பிறகு அது தேவை. பி.எஸ். 4 மற்றும் அதற்குப் பிந்தைய வண்டிகளுக்கு 12 மாதமும், அதற்கு முந்தையவற்றுக்கு 6 மாதமும் அது செல்லும். சைலன்சரில் குழாயை விட்டு வெளியேறும் வாயுவை அளக்கிறார்கள். பிரேக்குக்கும் டயருக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

15 வருடம் முடிந்த பிறகு

15 வருடம் நிறைவடையும் வண்டியைத் தொடர்ந்து ஓட்ட வேண்டுமானால் படிவம் 25-ல் விண்ணப்பித்து, வண்டியைப் பரிசோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நம் மக்கள் பேச்சு வழக்கில் "எஃப்சி எடுப்பது" என்று சொல்வது இதைத்தான். பதிவு முடியும் தேதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2022 ஏப்ரலுக்கு முன் காருக்கு இதன் கட்டணம் 600 ரூபாய். அதன் பிறகு 5,000 ரூபாய். 20 வருடம் கடந்த கார்களுக்கு 2025-ல் அது 10,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. தமிழ்நாட்டில் பசுமை வரியும் தனியாக உண்டு. 14 வருடம் ஆன காரை "சல்லிசாகக் கிடைக்கிறது" என்று வாங்குபவர் அடுத்த வருடமே இந்தச் செலவும், அதற்காக வண்டியைத் தயார் செய்யும் செலவும் தன் தலையில் விழும் என்பதைக் கணக்கில் வைக்க வேண்டும்.

பரிசோதனையில் என்ன பார்க்கிறார்கள்? மக்கள் "பிரேக் இன்ஸ்பெக்டர்" என்று அழைக்கும் மோட்டார் வாகன ஆய்வாளர், சேசிஸ் எண்ணும் எஞ்சின் எண்ணும் ஆர்சியோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார். ஹெட்லைட், இண்டிகேட்டர், பிரேக் லைட், ஹாரன், வைப்பர், கண்ணாடிகள், டயர், ஸ்டீயரிங், பிரேக் ஆகியவற்றைப் பார்ப்பார். இன்சூரன்ஸும் புகைச் சான்றிதழும் நடப்பில் இருக்க வேண்டும். இயந்திரம் பொருத்திய தானியங்கிப் பரிசோதனை மையங்கள் வரத் தொடங்கியுள்ள இடங்களில், உருளைகளின் மேல் சக்கரத்தை நிறுத்தி ஒவ்வொரு சக்கரத்தின் பிரேக் விசையையும் கருவியே அளக்கிறது. ஹெட்லைட்டின் கோணம், சக்கரம் பக்கவாட்டில் இழுப்பது போன்றவையும் அளக்கப்படுகின்றன. கண்ணால் பார்த்துச் சொல்வதைவிட இது நம்பகமானது, சந்தேகமில்லை.

ஆனால் எந்த முறையிலும் எதையும் கழற்றிப் பார்ப்பதில்லை. தேர்ச்சி பெற்றால் கிடைப்பது ஐந்து வருடப் புதுப்பிப்பு. ஒரு நாள் பார்த்ததற்கு ஐந்து வருடம். புதிதாகப் போட்ட பிரேக் பேடு அந்த ஐந்து வருடத்துக்குள் தேய்ந்து தீர்ந்துவிடும். டயரும் அப்படித்தான். எஃப்சி எடுத்து நான்கு வருடம் ஆன வண்டியை விற்பவர், நான்கு வருடத்துக்கு முந்தைய சாட்சியத்தைத்தான் நம்மிடம் காட்டுகிறார்.

"எஃப்சிக்கு ரெடி பண்ணுவது" என்று பட்டறைகளில் ஒரு வேலையே இருப்பதையும் நாம் அறிவோம். உடைந்ததை மாற்றி, தேய்ந்ததைச் சரிசெய்தால் அது நல்ல வேலை. துருவின் மேல் பட்டி பார்த்து பெயிண்ட் அடிப்பதும், வேறொரு வண்டியின் நல்ல டயரை ஒரு நாள் மாட்டிக்கொண்டு போய் வந்ததும் கழற்றுவதும் அதே பெயரில்தான் நடக்கின்றன. காகிதத்தில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

பரிசோதனைக்குத் தெரியாதவை

முதலாவது, எஞ்சினின் உள் ஆரோக்கியம். பழைய மாருதி 800, சான்ட்ரோ போன்ற வண்டிகளின் எஞ்சினில் டைமிங் பெல்ட் என்ற ரப்பர் பட்டை உண்டு. குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு அல்லது குறிப்பிட்ட வருடத்துக்கு ஒரு முறை அதை மாற்ற வேண்டும். அறுந்தால் ஓடிக்கொண்டிருக்கும் எஞ்சின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். நெடுஞ்சாலையின் வலது ஓரத்தில், பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தப் பெல்ட் கடைசியாக எப்போது மாற்றப்பட்டது என்பது எந்தச் சான்றிதழிலும் இருக்காது. கிளட்ச், கியர் பாக்ஸ் ஆகியவற்றின் தேய்மானமும் அப்படியே.

இரண்டாவது, துரு. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், அதிராம்பட்டினம் என்று நம் ஊர்களில் பல கடலை ஒட்டியவை. உப்புக் காற்று காரின் அடிப்பாகத்தையும், கதவின் கீழ் விளிம்பையும், சக்கரத்தைத் தாங்கும் பகுதிகளையும் உள்ளிருந்து தின்னும். மேலே பெயிண்ட் பளபளக்கும். உள்ளே இரும்பு பிஸ்கட் போல உதிரும். வண்டியை லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்காமல் இது தெரியாது.

மூன்றாவது, வெள்ளம். 2015 டிசம்பரில் சென்னையில் எத்தனை கார்கள் கூரை வரை மூழ்கின என்பதைப் பார்த்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் பார்த்தோம். அதே மாதம் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படி மூழ்கிய வண்டிகளில் பல உலர்த்தப்பட்டு, சீட் கவர் மாற்றப்பட்டு, வேறு ஊர்களில் விற்பனைக்கு வரும். ஒயரிங்கிலும் கணினிப் பெட்டியிலும் புகுந்த நீர் மெதுவாக வேலை செய்யும். பரிசோதனை நாளில் எல்லா விளக்கும் எரியும். ஆறு மாதம் கழித்து ஒவ்வொன்றாக அணையும்.

நான்காவது, ஓடாமல் நின்ற வண்டி. "சபுராளி வண்டி, வருஷத்துல ஒரு மாசம்தான் ஓடும், கிலோமீட்டரே ஆகல" என்பது நம் ஊர்களில் பெரிய சிபாரிசு. ஓடாத வண்டிக்கும் வயதாகும். டயர் தேயாமலே ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி வீரியம் இழக்கும். பிரேக் காலிப்பர் இறுகிக்கொள்ளும். டேங்கில் கிடந்த பெட்ரோல் கெடும். எலி ஒயரைக் கடித்திருக்கும். மீட்டரில் 25,000 கிலோமீட்டர் இருப்பது நல்ல செய்திதான், ஆனால் அது பாதிச் செய்தி. அந்த 25,000-மும் உண்மையா, மீட்டரைத் திருப்பி வைத்ததா என்பதையும் எஃப்சி சொல்லாது.

ஐந்தாவது, தயாரிப்பிலேயே இல்லாத பாதுகாப்பு. 2014 ஜனவரியில் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியாவில் விற்பனையான ஆல்ட்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஆகிய ஐந்து சிறிய கார்களின் ஏர்பேக் இல்லாத வகைகளை மோதிப் பார்த்தது. பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்தும் பூஜ்ஜிய நட்சத்திரமே பெற்றன. அதன் பிறகே சட்டம் இறுகியது. 2019 ஏப்ரலிலிருந்து எல்லாப் புதிய கார்களிலும் ஏபிஎஸ் பிரேக், 2019 ஜூலையிலிருந்து ஓட்டுநர் ஏர்பேக், 2022 தொடக்கத்திலிருந்து முன்னிருக்கைப் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயம். ஆக, 2012 ஆல்ட்டோவும் 2022 ஆல்ட்டோவும் பெயரில் ஒன்று. மோதும் கணத்தில் ஒன்றல்ல. இரண்டுமே எஃப்சியில் தேறும். ஏனெனில், வண்டி தயாரான காலத்து விதிப்படி இருக்கிறதா என்பதுதான் அங்கே கேள்வி.

மற்ற நாடுகளில் எப்படி?

வளைகுடாவில் இருந்து வந்தவர்களுக்கு "ஃபஹ்ஸ்" என்ற சொல் நன்கு தெரியும். சவூதியில் சொந்தக் காருக்கு முதல் மூன்று வருடத்துக்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் இந்தப் பரிசோதனை உண்டு. தேறாத வண்டியின் இஸ்திமாராவைப் புதுப்பிக்க முடியாது. சிங்கப்பூரில் மூன்று வயதிலிருந்து பத்து வயது வரையுள்ள காருக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு முறை, பத்து வயதைத் தாண்டினால் ஒவ்வொரு வருடமும். மலேசியாவில் பழைய கார் ஒருவர் பெயரிலிருந்து மற்றவர் பெயருக்கு மாறும்போதே பரிசோதனை உண்டு.

பிரிட்டனின் முறை இன்னும் ஒரு படி மேல். எம்ஓடி எனப்படும் அந்தப் பரிசோதனை 1960-ல் தொடங்கியது. இங்கிலாந்தில் மூன்று வயதான கார் ஒவ்வொரு வருடமும் அதற்குப் போக வேண்டும். 2018 மே மாதத்திலிருந்து குறைகளை ஆபத்தானது, பெரியது, சிறியது என்று பிரித்து எழுதுகிறார்கள். முதல் இரண்டில் ஒன்று இருந்தாலும் வண்டி தேறாது. இப்போதைக்குத் தேறுகிறது, ஆனால் விரைவில் கவனியுங்கள் என்று தனியாக ஆலோசனையும் எழுதுவார்கள். வண்டி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு எவரும் அரசு இணையதளத்தில் அந்த வண்டியின் பழைய பரிசோதனைகள் அனைத்தையும், எந்த வருடம் எதில் தோற்றது, அன்று மீட்டரில் எத்தனை மைல் என்பது உட்பட, இலவசமாகப் பார்க்கலாம். மூன்று வருடம் தொடர்ந்து "அடிப்பாகத்தில் துரு" என்று எழுதப்பட்ட காரை "துருவே இல்லை" என்று அங்கே யாரும் விற்க முடியாது. மைலைக் குறைத்துக் காட்டுவதும் எளிதல்ல.

இவ்வளவு கண்டிப்பான முறையிலும் பிரிட்டன் அரசே ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: எஞ்சின், கிளட்ச், கியர் பாக்ஸ் ஆகியவற்றின் நிலையை எம்ஓடி பார்ப்பதில்லை. வருடா வருடம் பார்க்கும் இடத்திலேயே நிலை இதுவென்றால், 15 வருடம் பார்க்காத இடத்தில் வாங்குபவரின் பொறுப்பு எவ்வளவு அதிகம்?

பிரிட்டனிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடியது ஒன்று உண்டு. ஒற்றைச் சான்றிதழைவிட வரலாறு நம்பகமானது. நம் நாட்டில் பரிசோதனை வரலாறு இல்லை. ஆனால் சர்வீஸ் வரலாறு உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விடப்பட்ட வண்டியாக இருந்தால் எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், என்ன மாற்றப்பட்டது என்பது அவர்களிடம் பதிவாகியிருக்கும். உரிமையாளர் கேட்டால் கிடைக்கும். இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸ் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். பத்து வருட வண்டிக்கு அது பூஜ்ஜியமாக இருந்தால், சமீபத்தில் எதற்காக கிளெய்ம் எடுத்தீர்கள் என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

வாங்கும் முன் நாமே பார்க்க வேண்டியவை

காலையில் போங்கள். சுப்ஹு தொழுகை முடிந்து, வண்டி அன்று ஒரு முறைகூட ஸ்டார்ட் செய்யப்படாத நேரத்தில். போனதும் பானெட்டின் மேல் கை வையுங்கள். சூடாக இருந்தால், உங்களுக்கு முன்பே ஒருவர் வந்து எஞ்சினைத் "தயார்" செய்திருக்கிறார். குளிர்ந்த எஞ்சின் எப்படி ஸ்டார்ட் ஆகிறது, எந்த நிறத்தில் புகை வருகிறது, என்ன சத்தம் கேட்கிறது என்பதில்தான் உண்மை இருக்கிறது. ஆயில் மூடியைத் திறந்து அதன் உட்புறத்தைப் பாருங்கள். பால் போன்ற வெளுத்த பசை ஒட்டியிருந்தால் ஆயிலில் நீர் கலந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் கட்டாயம் காட்டுங்கள்.

சாவியைத் திருப்பியதும் டேஷ்போர்டில் எஞ்சின், ஏர்பேக், ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்குகள் ஒரு முறை எரிந்து பிறகு அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் குறை இருக்கிறது. முதலிலேயே எரியவில்லை என்றால் இன்னும் மோசம். குறையைக் காட்டும் விளக்கையே யாரோ அணைத்து வைத்திருக்கலாம்.

சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் வெளியே இழுங்கள். சேற்றுக் கறை அல்லது நீர்க்கோடு கடைசி முழத்தில் இருக்கும். தரை விரிப்பைத் தூக்கி முகர்ந்து பாருங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழிக்குள் கை விட்டுப் பாருங்கள். வெள்ளம் பார்த்த வண்டியைக் கழுவுபவர்கள் மறக்கும் இடங்கள் இவை.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் தயாரானது என்று பொருள். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடம் கடந்த டயரை நம்பி நெடும்பயணம் போகக் கூடாது. பட்டன்களுக்கு நடுவே உள்ள சிறு மேடு 1.6 மில்லிமீட்டர் உயரம் கொண்டது. டயர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. ஒரு டயரின் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் சக்கர அலைன்மென்ட்டிலோ சஸ்பென்ஷனிலோ கோளாறு இருக்கலாம்.

ஆளில்லாத சாலையில் 40 கிலோமீட்டர் வேகத்தில் அழுத்தமாகப் பிரேக் போடுங்கள். வண்டி ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. பெடல் பஞ்சு போல அமுங்கக் கூடாது. ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் தாங்குகிறதா என்று பாருங்கள். வேகத்தடைகளில் ஏறி இறங்கும்போது ரேடியோவை அணைத்துவிட்டுக் காதைக் கொடுங்கள்.

இவை எல்லாம் முதல் சல்லடை. இதில் தேறிய வண்டியை உங்கள் மெக்கானிக்கிடம் கொண்டுபோய் லிஃப்டில் ஏற்றிக் காட்டுங்கள். "உங்கள் மெக்கானிக்" என்பதை அழுத்திச் சொல்கிறோம்; விற்பவர் காட்டும் மெக்கானிக் அல்ல. அவருக்கு உரிய கூலியைக் கொடுத்து, வாங்கலாமா வேண்டாமா என்று நேராகக் கேளுங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்கவில்லை என்றால் அதுவே பதில்.

விற்பவருக்கு மார்க்கம் சொல்வது

இதுவரை வாங்குபவரின் கவனத்தைப் பேசினோம். ஆனால் நாம் எல்லோரும் என்றாவது ஒரு நாள் விற்பவர்களாகவும் ஆவோம். மார்க்கம் பொறுப்பை வாங்குபவர் தலையில் மட்டும் கட்டவில்லை.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. அந்த வியாபாரி தானியம் நனையவே இல்லை என்று பொய் சொல்லவில்லை. உலர்ந்ததை மேலே வைத்திருந்தார், அவ்வளவுதான். துருவின் மேல் அடித்த பெயிண்டும், வெள்ளத்தில் நனைந்த வண்டிக்குப் போட்ட புது சீட் கவரும் அதே உலர்ந்த தானியம்தான்.

இன்னொரு செய்தி நம் விஷயத்துக்கு மிக நெருக்கமானது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தமது இஹ்யா நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். ஒருவர் தம் ஒட்டகத்தை 300 திர்ஹத்துக்கு விற்றார். அங்கே நின்றிருந்த நபித்தோழர் வாஸிலா (ரலி) அவர்கள் முதலில் கவனிக்கவில்லை. வாங்கியவர் ஒட்டகத்தோடு புறப்பட்ட பிறகு அவர் பின்னால் ஓடினார்கள். இதை இறைச்சிக்காக வாங்கினீரா, பயணத்துக்காகவா என்று கேட்டார்கள். பயணத்துக்காக என்றார் அவர். இதன் குளம்பில் ஓட்டை இருக்கிறது, தொடர்ந்து நடக்காது என்று வாஸிலா (ரலி) உண்மையைச் சொன்னார்கள். வாங்கியவர் திரும்பி வந்தார். விற்றவர் 100 திர்ஹத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. என் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டீரே என்று விற்றவர் குறைபட்டபோது, எல்லா முஸ்லிமுக்கும் நலம் நாடுவதாக நபியவர்களிடம் உறுதிமொழி கொடுத்திருக்கிறோம் என்பதே அவர்களின் பதிலாக இருந்தது.

இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. பார்வைக்கு நல்ல ஒட்டகம் பயணத்துக்கும் நல்ல ஒட்டகம் என்று ஆகிவிடாது. பழைய காரும் அப்படியே. அக்கம்பக்கத்தில் மார்க்கெட்டுக்குப் போய்வரும் வண்டி, குடும்பத்தோடு சென்னையிலிருந்து காயல்பட்டினம் போகும் வண்டியாக இருக்க வேண்டும் என்பதில்லை. எதற்காக வாங்குகிறீர்கள் என்று விற்பவர் கேட்க வேண்டும். வாங்குபவரும் சொல்ல வேண்டும். இரண்டாவது பாடம் ஊராருக்கு. வாஸிலா (ரலி) விற்பவரும் அல்லர், வாங்குபவரும் அல்லர், தெரிந்தவர், அவ்வளவே. அந்த வண்டியைப் பழுது பார்த்த மெக்கானிக், பக்கத்து வீட்டுக்காரர், இடையில் நின்று கமிஷன் வாங்கும் தரகர் ஆகிய அனைவரும் தெரிந்தவர்களே.

"உள்ளது உள்ளபடி கொடுக்கிறேன், பிறகு கேட்கக் கூடாது" என்று சொல்லிவிட்டால் பொறுப்புத் தீர்ந்ததா? குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித் தரும் உரிமை குறித்த விவரங்களில் மத்ஹபுகளிடையே வேறுபாடு உண்டு. குறிப்பிட்ட பிரச்சினை எழுந்தால் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். ஆனால் தெரிந்த குறையை மறைத்து விற்பது பாவம் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசிக் குறைகளைத் தெளிவுபடுத்தினால் அந்த வியாபாரத்தில் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்று நபியவர்கள் சொன்னதாக புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம்.

வண்டி வராமலே வாங்கப்படும் எஃப்சி பற்றியும் சொல்லியாக வேண்டும். பார்க்காத பிரேக்கைப் பார்த்ததாக எழுதுவது பொய்ச் சாட்சி. அதற்காகக் கைமாறும் பணம் லஞ்சம். கொடுப்பவர், வாங்குபவர் இருவருமே சபிக்கப்பட்டவர்கள் என்ற நபிமொழியை அபூதாவூதிலும் திர்மிதியிலும் படித்திருக்கிறோம். "எல்லாரும் கொடுக்கிறார்கள்" என்பது அதற்குப் பதில் ஆகாது. அந்தக் காகிதத்தை நம்பி ஏறும் ஒரு குடும்பத்தின் உயிரும், சாலையோரம் நடந்து போகும் முன்பின் அறியாதவரின் உயிரும் அதில் அடங்கியிருக்கின்றன.

வாங்கிய பிறகு

பெயர் மாற்றத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் 14 நாளுக்குள், வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். இன்சூரன்ஸை மாற்றவும் 14 நாள்தான். விற்றுவிட்டாலும் ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. பிரேக் சரியில்லாத வண்டியை விற்றுவிட்டு பெயர் மாற்றத்தை மறந்தவருக்கு அந்த பிரேக் இன்னும் சொந்தம்தான். பதிவுக் காலம் முடிந்த வண்டியை ஓட்டவே கூடாது. பதிவு இல்லாத நிலையில் விபத்துக்குள்ளான ஒரு வண்டிக்கு இன்சூரன்ஸ் இழப்பீடு கிடையாது என்று 2014-ல் அதே நீதிமன்றம் கூறியது.

சட்டம் 15 வருடத்துக்கு ஒரு முறை கேட்கட்டும். நாம் வருடத்துக்கு ஒரு முறை கேட்போம். ரமளானுக்கு முன்போ பெருநாள் பயணத்துக்கு முன்போ ஒரு நாளை ஒதுக்கி, பிரேக், டயர், ஸ்டீயரிங், விளக்குகள், அடிப்பாகம் ஆகிய ஐந்தையும் மெக்கானிக்கிடம் காட்டி, தேதியும் கிலோமீட்டரும் போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். பெரிய செலவில்லை. நாளை அந்த வண்டியை விற்கும்போது அந்த நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். நல்லதும் கெட்டதும் எழுதப்பட்ட அந்த நோட்டு, வாங்குபவருக்கு எந்த எஃப்சியையும்விடப் பெரிய சாட்சியமாக இருக்கும், இன்ஷா அல்லாஹ்.

நம் பயணங்களையும் நம் வியாபாரங்களையும் அல்லாஹ் பாதுகாப்பானதாகவும் பரக்கத் நிறைந்ததாகவும் ஆக்குவானாக. ஆமீன்.